1953: சீட்டில் ஏறாத காத்திருப்பு

பழுதே இல்லாத ஒரு ஹார்ட்டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஈப்போ வரைக்கும் வண்டி ஓட்டிப் போய்ப் புதிய எஸ்எஸ்டி (சுழலாத சில்லு வட்டு) ஒன்றை வாங்கி வந்து மாட்டினேன் என்பதை வெளியில் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. மாட்டிய பிறகும் வேகம் ஒரு விநாடிகூடக் கூடவில்லை என்பதைச் சொல்ல இன்னும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த வாரம் நான் பார்த்த எண்களையும், அவற்றைப் பார்த்தும் பார்க்காமல் விட்டதையும் எழுதிவிடாமல் மனம் அடங்குவதாக இல்லை.

சுங்கை சிப்புட் பக்கத்துச் சிறுதோட்டக்காரர்கள் செம்பனைக் குலைகளைக் கொண்டுவந்து நிறுத்துப் போடுகிற ஒரு ரேம்ப்பின் கணினிகளை நான் பராமரிக்கிறேன். நிறுவை அறைக்கு மேலே, மாடியில், நான்கு கோர் செயலியும் 8 ஜிபி நினைவகமும் கொண்ட ஒரே ஒரு சர்வர், லினக்ஸில் ஓடுகிறது. லோரி ஏறும்போது எடை, இறங்கும்போது எடை, கழிவு, விலை எல்லாம் அதில்தான் சேரும். மாதத் தொடக்கத்தில் தோட்டக்காரர்களுக்குக் கணக்குச் சீட்டு அடித்துக் கொடுப்பதும் அதுதான். அந்தக் கணக்குச் சீட்டு நிரல் தினமும் காலையில் முதல்முறை ஓடும்போது பத்து நிமிடம் எடுத்துக்கொண்டது. இரண்டாம் முறை அதே நிரல் இருபது விநாடியில் முடிந்தது. கவுண்டரில் வரிசையாக உட்கார்ந்திருந்த பாட்டிமார்களில் ஒருவர், “தம்பி, கம்ப்யூட்டர் இன்னும் தூங்கி எந்திரிக்கலையா?” என்று கேட்டார். அவர் சொன்ன நோய்க்குறி என்னுடைய நோயறிதலைவிடச் சரியாக இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பத்து நிமிடமும் நான், என்னென்ன ஓடுகின்றன என்று காட்டும் ‘டாப்’ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செயலி வேலை செய்யவே இல்லை. நிரலின் நான்கு பிராசஸ்களும், அதாவது ஓடும் துண்டுகளும், ‘டி’ என்ற எழுத்தோடு, எழுப்ப முடியாத உறக்கத்தில் கிடந்தன. லோட் ஆவரேஜ் நான்கைத் தாண்டியது. லினக்ஸில் அந்தச் சராசரி, ஓடக் காத்திருக்கும் பிராசஸ்களோடு இப்படி உறங்குகின்றவற்றையும் சேர்த்து எண்ணுகிறது. 1993 முதல் அப்படித்தான். ஐஓவெய்ட் அறுபது விழுக்காட்டுக்கு மேல் நின்றது. இத்தனையையும் பார்த்துவிட்டு, “வட்டு சாகப் போகிறது” என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். ஐஓவெய்ட் என்ற பெயரே பாதித் தவறுக்குக் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். செயலி சும்மா இருந்த நேரத்தில், அதன் கணக்கில் எழுதப்பட்ட யாரோ ஒருவர் உள்ளீடு வெளியீட்டுக்காகக் காத்திருந்தார் என்பதைத் தவிர அந்த எண் வேறெதையும் சொல்வதில்லை. காத்திருந்த இடம் வட்டின் வாசலா, அதற்கு அரை மைல் முன்னாலா என்பது அதற்குத் தெரியாது.

வட்டின் வேலையை அளந்து காட்டும் ஐஓஸ்டாட் கட்டளையையும் ஓட்டினேன். அதுதான் எனக்கு வெட்கம். வட்டின் பயன்பாடு ஐந்து விழுக்காட்டைத் தொடவில்லை. ஒரு கோரிக்கைக்கு ஆகும் சராசரி நேரம் பழைய சுழலும் தட்டுக்குக் குறை சொல்ல முடியாத அளவில் இருந்தது. அதாவது வட்டு, “எனக்கு வேலையே வரவில்லை” என்று நேராகச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு சாட்சிகள் முரண்பட்டபோது எனக்குப் பழக்கமான சாட்சியை நம்பினேன். ஈப்போவுக்குப் போனேன்.

அப்பாவின் 555 புத்தகம்

என் அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட தோட்டம். நான் பிறந்தபோது பால்மரம், தொழிலாளர் லயன் வீடுகளின் ஓரத்தில் மட்டும் மிச்சமிருந்தது. குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போவார். ஆலை வாசலில் நிறுவை மேடை. லோரியின் சக்கரங்கள் மேடையில் ஏறி நின்றால் கிராணி (எழுத்தர்) சீட்டில் நேரத்தைக் குத்துவார். கொட்டிவிட்டுக் காலி லோரியோடு மறுபடி ஏறினால் இன்னொரு நேரம். இரண்டுக்கும் நடுவில் முப்பது, நாற்பது நிமிடம். சீசன் காலத்தில் வாசலுக்கு வெளியே சாலையில் லோரிகள் மூன்று மணி நேரம்கூட நிற்கும். வெயிலில் குலை காயும், அடிபட்ட பழத்தில் கொழுப்பமிலம் ஏறும், தரம் இறங்கும். அந்த மூன்று மணி நேரம் சீட்டில் எங்கும் இருக்காது. தோட்டத்து அலுவலகத்தில் மாதக் கடைசியில் சீட்டுகளை அடுக்கிப் பார்த்து, “ஆலையில் நாற்பது நிமிடம்தான் இருந்திருக்கிறாய், மீதி நேரம் எங்கே போனாய்?” என்று கேட்டு ஓவர்டைமைக் குறைப்பார்கள்.

அப்பா ஒரு 555 புத்தகம் வைத்திருந்தார். மலேசியத் தமிழர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மளிகைக் கடையில் நம் கடன் எழுதப்பட்ட அதே சட்டைப்பைப் புத்தகம். வரிசையின் வாலில் வண்டியை நிறுத்திய நேரத்தை அதில் எழுதுவார். மேடையில் ஏறிய நேரத்தைப் பக்கத்தில் எழுதுவார். அலுவலகத்தில் அதைக் காட்டியபோது, “இது நீ எழுதியது, ஆலை எழுதியது இல்லை” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். ஆலைச் சீட்டு பொய் சொல்லவில்லை என்பதை அப்பாவும் ஒப்புக்கொள்வார். தன் மேடையில் நடந்ததை அது துல்லியமாகத்தான் எழுதியது.

எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதை மாற்றினாலும், மாற்றுவதற்கு முன் கிடைத்த எண்களையும் மாற்றிய பின் கிடைத்த எண்களையும் ஒரு 555 புத்தகத்தில் எழுதி வைப்பேன். கணினிக்காரன் கையில் பேனா எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வட்டைக் கழற்றும்போது, சர்வரில் சேமித்த குறிப்பும் கூடவே கழன்றுவிடும் என்பதுதான் பதில்.

ஒரே எண், இரண்டு வட்டு

புதிய எஸ்எஸ்டியை மாட்டி, தரவை நகலெடுத்து, மறுநாள் காலையில் கணக்குச் சீட்டு நிரலை ஓட்டினேன். பத்து நிமிடம். பயன்பாடு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியதுதான் மாற்றம். 555 புத்தகத்தைத் திறந்து புதிய எண்களைப் பழையவற்றுக்கு எதிரே எழுதினேன். பழைய வட்டில், பத்து விநாடிக்கு ஒருமுறை எடுத்த படிப்பு வேகம்: விநாடிக்கு 1951, 1953, 1953, 1955 கிலோபைட். புதிய வட்டில்: 1953, 1952, 1954, 1953.

பேனா அங்கேயே நின்றது. சுழலும் தட்டு ஒன்றும் சுழலாத சில்லு ஒன்றும் ஒரே எண்ணைத் தருவதற்கு இயற்கையில் வழியில்லை. அதைவிட, எந்த வட்டும் கோடு போட்டாற்போல இவ்வளவு சீராக ஓடாது; கோப்பு சிதறியிருக்கும் விதத்துக்கும் பிற பிராசஸ்களின் குறுக்கீட்டுக்கும் ஏற்ப எண் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இவ்வளவு சமமான எண் வந்தால் அது யாரோ அளந்து ஊற்றுகிற எண். யார் அளப்பது? 1953 என்று யாரும் வரம்பு வைக்க மாட்டார்களே என்று கொஞ்ச நேரம் குழம்பினேன். பிறகு அதை 1024 ஆல் பெருக்கிப் பார்த்தேன். 19,99,872. இரண்டு மில்லியனுக்கு 128 பைட் குறைவு. இரண்டு மில்லியனை 1024 ஆல் வகுத்தால் 1953.125.

இரண்டு எம்பி என்ற வரம்பை எழுதியவன் நான்தான். ஆறு மாதத்துக்கு முன்பு இரவு பேக்கப், சீசனில் பதினொரு மணி வரை நீளும் நிறுவையோடு மோதி லோரிக்காரர்களைக் காக்க வைத்தது. அதனால் இரவு வேலைகளுக்கென்று, லினக்ஸில் பணிகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் ஒரு ஸ்லைஸ் (ஒரே வரம்புக்குள் ஓடும் நிரல்களின் கூட்டம்) உண்டாக்கி, படிப்பு வேகம் விநாடிக்கு 2எம் என்று எழுதினேன். சிஸ்டம்டி அந்த ‘எம்’ எழுத்தை ஆயிரத்தின் அடுக்காக எடுத்துக்கொள்ளும். ஐஓஸ்டாட்டோ கிலோபைட்டை 1024 ஆகக் கணக்கிடும். ஆகவே நான் எழுதிய 2, திரையில் 1953 என்று மாறுவேடம் போட்டு வந்தது. நாற்பது ஜிபி பேக்கப் ஐந்தரை மணி நேரத்தில் முடிய, அதன்பின் விடியற்காலை மூன்று மணிக்கு ஓடும் கணக்குச் சீட்டு நிரலையும் அதே ஸ்லைஸில் போட்டேன். அந்த நேரத்தில் யாருக்கும் அவசரமில்லை. பிறகு முதலாளி, முதல்நாள் மாலை வரை வந்த குலைகளின் கழிவைச் சரிபார்த்துவிட்டுப் பகலில் சீட்டு அடிக்கலாம் என்றார். நேரத்தை மாற்றினேன். ஸ்லைஸை மாற்ற மறந்தேன். 1.2 ஜிபி தரவை விநாடிக்கு இரண்டு எம்பி வீதம் படித்தால் 600 விநாடி. பத்து நிமிடத்தின் கணக்கு அவ்வளவுதான். ஒருமுறை படித்த தரவு நினைவகத்தில் தங்கிவிடுவதால் இரண்டாம் முறை வட்டுக்குப் போகவே தேவையில்லை, ஆகவே வரம்பும் குறுக்கிடவில்லை. ஒவ்வோர் இரவும் நாற்பது ஜிபி பேக்கப் வந்து அந்த நினைவகத்தைத் துடைத்துவிட்டுப் போனது. பாட்டி சொன்ன உறக்கம் இதுதான்.

வட்டை மாற்றியும் வரம்பு ஏன் போகவில்லை என்றால், வரம்பை எழுதும்போது வட்டின் பெயருக்குப் பதிலாகத் தரவு இருக்கும் அடைவின் பாதையைக் கொடுத்திருந்தேன். அந்தப் பாதைக்குக் கீழே எந்த வட்டு இருக்கிறதோ அதைச் சிஸ்டம்டி தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். அன்று அதைப் புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்தேன்.

வாசலுக்கு வெளியே

வரம்பு எங்கே பிடிக்கிறது என்பதைப் பார்த்தால் ஐஓஸ்டாட்டின் மேல் கோபப்பட முடியாது. நிரல் ஒன்று வட்டிலிருந்து படிக்கக் கேட்டால், லினக்ஸின் உட்கருவான கெர்னலில் முதலில் பயோ என்ற சிறு பொட்டலம் உருவாகிறது. அது சாதனத்தின் வரிசைக்குள் போய்க் கோரிக்கையாக மாறுவதற்கு முன்பே, அனுப்பியவருடைய சி-குரூப்பின் (ஸ்லைஸ் போன்ற கூட்டத்துக்குக் கெர்னலில் உள்ள பெயர்) வரம்பு சரிபார்க்கப்படுகிறது. விவேக் கோயல் எழுதி, 2011 தொடக்கத்தில் வந்த 2.6.37 கெர்னலில் சேர்ந்த அந்த மட்டுப்படுத்தும் பகுதி, ஒதுக்கீடு தீர்ந்திருந்தால் பயோவைத் தன் சொந்த வரிசையில் நிறுத்திவைத்து, இன்னும் எவ்வளவு நேரம் கழித்து விடலாம் என்று கணக்கிட்டு ஒரு டைமரை வைக்கிறது. டைமர் அடித்த பிறகே பயோ உள்ளே போகிறது. ஐஓஸ்டாட்டின் கணக்கோ கோரிக்கை பிறந்த கணத்தில் தொடங்குகிறது. கெர்னலில் வட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் பிளாக் அடுக்கின் தாமதத்தை அளக்கிற பெரும்பாலான கருவிகளும் அங்கிருந்தே எண்ணுகின்றன. சீட்டில் நேரம் குத்துவது மேடையில். லோரி நிற்பது சாலையில்.

எனக்குக் கோபம் வேறோர் இடத்தில். செயலி நேரத்துக்கு வரம்பு வைத்தால், சி-குரூப்பின் ‘சிபியு.ஸ்டாட்’ கோப்பில் எத்தனை முறை மட்டுப்படுத்தினேன், மொத்தம் எத்தனை மைக்ரோவிநாடி நிறுத்திவைத்தேன் என்று கெர்னல் எழுதி வைக்கிறது. வட்டுக்கு ‘ஐஓ.மேக்ஸ்’ வழியாக வரம்பு வைத்தால், ‘ஐஓ.ஸ்டாட்’ கோப்பில் எத்தனை பைட் படித்தது, எத்தனை பைட் எழுதியது, எத்தனை முறை என்பவை போன்ற எண்ணிக்கைகளே உண்டு. எவ்வளவு நேரம் வாசலில் நிறுத்தினேன் என்ற எண் இல்லை. பழைய முதல் பதிப்புச் சி-குரூப்பிலும் கடந்து போனவற்றின் எண்ணிக்கைதான் இருந்தது. உள்ளே விட்டதை எண்ணுகிற காவல்காரன், வெளியே நிறுத்தியதை எண்ணவில்லை. நிறுத்துகிற முடிவை அவனே எடுக்கிறான், நேரத்தை அவனே கணக்கிடுகிறான். அதை ஒரு பக்கத்தில் குறித்துவைப்பது அவனுக்குப் பெரிய வேலையும் இல்லை. தொழில்நுட்பத்தில் இதற்குக் காரணங்கள் சொல்லலாம். எனக்கு அது தோட்டத்து அலுவலகத்தின் மேசையையே நினைவூட்டுகிறது.

சந்தேகம் உறுதியான பிறகு, வட்டுக் கோரிக்கைகளின் தடத்தைப் பதியும் பிளாக்ட்ரேஸ் கருவியை ஓட்டிப் பார்த்தேன். மட்டுப்படுத்தும் பகுதி அந்தத் தடத்தில் தன் பெயரைப் போட்டுச் செய்தி எழுதுகிறது: இந்தப் பொட்டலம் வந்தது, வரம்பு இவ்வளவு, வரிசையில் இத்தனை நிற்கின்றன என்று வரி வரியாக ஓடியது. தேடத் தெரிந்தவனுக்கு மட்டும் கிடைக்கும் சாட்சி அது. எங்கே தேடுவது என்று தெரிந்துவிட்டால் அந்தச் சாட்சியே தேவையில்லை.

காத்திருப்பவன் பக்கத்துக் கணக்கு

அப்பாவின் புத்தகத்துக்குச் சமமான ஒன்று கெர்னலில் இருக்கிறது. யோஹானஸ் வைனர் எழுதி, 2018 டிசம்பரில் 4.20 கெர்னலோடு வந்த பிஎஸ்ஐ (பிரஷர் ஸ்டால் இன்ஃபர்மேஷன்) அது. சாதனத்தை அது பார்ப்பதில்லை. வேலை செய்ய வேண்டிய பிராசஸ் ஒன்று, உள்ளீடு வெளியீட்டுக்காக முடங்கிக் கிடந்த நேரத்தை அந்தப் பிராசஸின் பக்கத்திலிருந்து எண்ணுகிறது. கடைசிப் பத்து, அறுபது, முந்நூறு விநாடிகளில் எத்தனை விழுக்காட்டு நேரம் யாராவது ஒருவராவது முடங்கியிருந்தார், எத்தனை விழுக்காட்டு நேரம் எல்லாருமே முடங்கியிருந்தார்கள் என்று இரண்டு வரி. கடைசியில் மைக்ரோவிநாடியில் மொத்தம். கணினி முழுவதற்கும் ஒன்று உண்டு, ஒவ்வொரு சி-குரூப்புக்கும் ‘ஐஓ.பிரஷர்’ என்ற தனிக் கோப்பும் உண்டு. காத்திருப்பு வட்டுக்குள்ளா வாசலிலா என்ற பேதம் அதற்கில்லாததால், வாசலில் நின்ற நேரமும் தப்பாமல் அதில் ஏறுகிறது. வரம்பை அப்படியே வைத்துவிட்டு, நினைவகத்தைக் காலிசெய்து நிரலை மறுபடி ஓட்டினேன். இரவு ஸ்லைஸின் கோப்பில் முதல் வரி தொண்ணூற்றாறைத் தாண்டியது. அதே கணத்தில் ஐஓஸ்டாட் ஒரு விழுக்காடு என்றது.

இந்த எண்ணையும் தனியே நம்ப முடியாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். வட்டு உண்மையிலேயே செத்துக்கொண்டிருந்தாலும் பிஎஸ்ஐ இதே தொண்ணூற்றாறைக் காட்டும். அப்பாவின் புத்தகத்திலும் வரிசை ஏன் நின்றது என்ற காரணம் இருக்காது; ஆலையில் கொதிகலன் நின்றதா, வாசலில் வேண்டுமென்றே நிறுத்தினார்களா என்று அவருக்குத் தெரியாது. புத்தகத்தையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் விஷயம் புரியும். முடங்கிய நேரம் அதிகம், சாதனம் சும்மா இருக்கிறது என்றால், நடுவில் யாரோ கை நீட்டி நிறுத்துகிறார்கள்.

அந்தக் கை நாம் வைத்ததாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எழுதும் திசையில் கெர்னல் தானாகவே மட்டுப்படுத்துகிறது. நிரல் எழுதுவது முதலில் நினைவகத்தில் அழுக்குப் பக்கங்களாக, அதாவது வட்டுக்கு இன்னும் போகாத தரவாகச் சேர்கிறது. இயல்பான அமைப்பில், பயன்படுத்தக்கூடிய நினைவகத்தில் 10 விழுக்காடு சேர்ந்தால் பின்னணியில் வட்டுக்கு எழுதத் தொடங்கும், 20 விழுக்காட்டை நெருங்கும்போது எழுதுகிற நிரலையே பிடித்து உறங்க வைக்கும். ஃபெங்குவாங் வூ மாற்றியமைத்து 2012 ஜனவரியில் 3.2 கெர்னலோடு வந்த முறையில், ஒரு தடவை உறங்க வைப்பது அதிகபட்சம் 200 மில்லிவிநாடி. வட்டின் எழுதும் வேகத்துக்கு ஏற்ப அந்தத் துண்டுகள் திரும்பத் திரும்ப வரும். எந்தக் கோப்பிலும் யாரும் வரம்பு எழுதாமலே இது நடக்கிறது. முதல் பதிப்புச் சி-குரூப்பில், இப்படி நினைவகம் வழியாகப் போகும் எழுத்து பின்னணிப் பிராசஸின் கணக்கில் விழுந்ததால், எழுதுவதற்கு வைத்த வரம்பு பெரும்பாலும் பலிக்கவில்லை. இரண்டாம் பதிப்பில்தான், அதற்கு ஆதரவளிக்கும் கோப்பு முறைமைகளில், எழுதியவர் பெயரிலேயே கணக்கு வைக்கப்படுகிறது.

2019 நவம்பரில் 5.4 கெர்னலோடு வந்த ‘ஐஓ.காஸ்ட்’ என்ற இன்னொரு மட்டுப்படுத்தும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. அது சில பொட்டலங்களை வாசலில் நிறுத்துவதில்லை. நிறுத்தினால், மற்றவர்களுக்கும் வேண்டிய பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு உறங்குகிறவனுக்குப் பின்னால் மற்றவர்களும் நிற்க நேரும் என்பதால், உள்ளே விட்டுவிட்டுக் கடனாக எழுதிக்கொள்கிறது. பிறகு அந்தப் பிராசஸைப் பூட்டு எதுவும் கையில் இல்லாத வேளையில் பிடித்து உறங்க வைத்துக் கடனை வசூலிக்கிறது. மளிகைக்கடைக்காரரின் 555 புத்தகம் இதுதான் என்று அப்பாவிடம் சொன்னேன். அவருக்குக் கெர்னல் புரியவில்லை, கடன் புரிந்தது. “அந்தப் புத்தகத்தை மட்டும் எல்லாரும் நம்பினாங்கடா தம்பி” என்றார்.

பேக்கப்புக்கு வரம்பு இன்னும் இருக்கிறது, அது தேவை. கணக்குச் சீட்டு நிரலை ஸ்லைஸிலிருந்து வெளியே எடுத்தேன். எஸ்எஸ்டியில் முதல் ஓட்டமும் இப்போது அரை நிமிடத்துக்குள் முடிகிறது. வரம்பு வைத்த ஒவ்வொரு ஸ்லைஸின் ‘ஐஓ.பிரஷர்’ மொத்தத்தையும் வட்டின் பயன்பாட்டையும் நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே வரியில் எழுதி வைக்கும் சிறு நிரல் ஒன்று ஓடுகிறது. கழற்றிய ஹார்ட்டிஸ்க், பேக்கப்பின் இரண்டாம் நகலைத் தாங்கிக்கொண்டு மேசைக்கடியில் நலமாக இருக்கிறது. ஸ்லைஸ் கோப்பில் அந்த 2எம் வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன்: “ஐஓஸ்டாட்டில் 1953 தெரிந்தால் ஈப்போவுக்குப் போகாதே. இங்கே வா.”